நீலத்திரைக்குப் பத்து விநாடி

இதைக் கதை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். நடந்ததில் ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை. நம்புவதும் நம்பாததும் படிப்பவர் பாடு.

அவள் ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். அன்று வேலை முடிந்து திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. வழியில் வாங்கிய ஊதாக்குடையைக் கூடத்து மூலையில் விரித்துவைத்துவிட்டு நிமிர்ந்தாள். தொலைபேசி அலறியது. மூளை அறுவை மருத்துவர்.

"ஏம்மா, ஆபரேஷன் தியேட்டர் ஸ்க்ரீன்ல ஸ்கேன் படமே வரலையே! குட்டிப்பொண்ணு, தலைக்குள்ள ரத்தம் கசியுது. எங்க கசியுதுன்னு தெரியாம நான் கத்தியத் தொட முடியாது. இன்னும் முக்கால் மணி நேரம் தாங்கினா அதிகம்."

அந்தப் படங்களை முப்பரிமாணத்தில் வரைந்து அனுப்பும் லினக்ஸ் கணினி, மருத்துவமனையின் கடைசி அறையில் எப்போதும் பூட்டிய கதவுக்குப் பின்னே இருக்கிறது. அவள் மடிக்கணினியைத் திறந்து, வீட்டிலிருந்தபடியே அதற்குள் நுழைந்தாள்.

"வந்ததும் வராததுமா மறுபடி கம்ப்யூட்டரா? பேசாம அதையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீ" என்றார் கணவர்.

"கட்டியிருந்தா சமையலாவது மிச்சமாயிருக்கும். கொஞ்சம் சும்மா இருங்க."

நடந்தது விளங்கிற்று. பிற்பகலில் கணினி தன் இயங்குதளத்தின் கருவான கெர்னலைத் தானே புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கமும் செய்திருந்தது. கெர்னல் மாறினால், கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளும் அதற்கேற்பத் தானாகவே மறுபடி உருவாக வேண்டும். உருவாகவில்லை. அதை உருவாக்கத் தேவையான, புதிய கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் வந்து சேராததே காரணம். பழைய கெர்னலுக்குத் திரும்பலாம் என்றால், இடமில்லையென்று அதையும் கணினி அழித்திருந்தது.

கோப்புகளை இறக்கினாள். டிரைவரை மீண்டும் உருவாக்கச் சொன்னாள். திரையில் வரிகள் ஊர்ந்தன. ஒருவழியாக டிரைவர் உருவானது. ஆனால் கணினி அதை ஏற்க மறுத்தது. நம்பத்தக்கது என்று காட்டும் முத்திரை இல்லையாம். முத்திரையிடும் பழைய சாவிக்கோப்பு இருந்த இடத்தில் இல்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கி முத்திரையிட்டாள். அந்தச் சாவியைப் பதிய ஒரு கடவுச்சொல் கேட்டது. நிமிர்ந்தாள். எதிரே குடை. 'ஊதாக்குடை' என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தாள். மறுதொடக்கம் கொடுத்தாள்.

விரலை எடுத்த பிறகுதான் உறைத்தது.

கணினி எழும்போது ஒரு நீலத்திரை தோன்றும். பத்து விநாடிக்குள் யாராவது ஒரு விசையை அழுத்த வேண்டும். பிறகு கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவி பதியாது. அந்தத் திரை தொலைவிலிருந்து தெரியாது. அதன் முன்னே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

'இடக்கையர்' பணியில் இருந்தவரை இந்தத் தவறு நேர்ந்ததே இல்லை. அவளுக்கு முன் அந்தக் கணினியைப் பார்த்துக்கொண்டவர் அவர். மறுதொடக்கம் என்றால் நேரே அந்த அறைக்குப் போவார். மவுஸை இடப்பக்கம் மாற்றிவைப்பார். நீலத்திரைக்காகக் காத்திருப்பார். மூன்று மாதங்களுக்கு முன் படுத்த படுக்கையாகிவிட்டார்.

பெரிய கணினி. நீலத்திரைக்கு வர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். மருத்துவமனைக் காவலாளியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, ஓடுங்க! கடைசி ரூம்! நான் சொல்றத அப்படியே டைப் பண்ணணும்!"

"இதோ ஓடுறேம்மா. இந்த இடுப்பு வேற..."

மூச்சிரைப்பு. சாவிக்கொத்தின் சத்தம். பிறகு... சத்தமே இல்லை.

"அண்ணே?"

"உள்ள ஆள் இருக்காங்களாம்மா?" குரல் தாழ்ந்திருந்தது.

"இல்லையே. ஏன்?"

"டைப் அடிக்கிற சத்தம் கேக்குது..."

அவளுக்கும் கேட்டது. தொலைபேசி வழியாக.

டக்... டக்... டக்...

நின்றது.

கதவு திறக்கும் ஓசை.

"யாருமே இல்லம்மா. நாற்காலி மட்டும்... மெல்லச் சுத்துது."

மடிக்கணினி ஒளிர்ந்தது. இணைப்பு கிடைத்துவிட்டது. சாவி பதிந்திருந்தது. டிரைவர் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவரின் குறுஞ்செய்தி வந்தது: 'படம் வந்துவிட்டது. தொடங்குகிறோம்.'

"அண்ணே, மவுஸ் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம்."

இடக்கையர் சிகிச்சைக்கு வந்திருப்பார். மனம் கேட்காமல் எட்டிப் பார்த்திருப்பார். வேறு வழியாக வெளியேறியிருப்பார். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது என்பது தெரிந்தும் அப்படியே எண்ணிக்கொண்டாள். கடவுச்சொல் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது; அதை நினைக்கத் துணிவில்லை. அவர் வீட்டிற்கு அழைத்தாள். அவர் மனைவி எடுத்தார்.

"அக்கா, அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரா?"

பின்னணியில் அழுகைக் குரல்கள்.

"மத்தியானமே போயிட்டார்ம்மா..."

அவர் மனைவியே தொடர்ந்தார்.

"காலையிலேருந்து இடது கையால மெத்தையில எதையோ தட்டிக்கிட்டே இருந்தார். ஒரே வார்த்தையத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்க வீட்ல அப்படி ஒரு பொருளே கிடையாதும்மா..."

"என்ன வார்த்தைக்கா?"

"ஊதாக்குடை."

சிறுமி பிழைத்துக்கொண்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்தக் குடையோ, அவள் விரும்பி வாங்கியது அல்ல. அவள் கேட்டது கறுப்பு. "இருக்கறது இது ஒண்ணுதாம்மா" என்று கடைக்காரர் அதை நீட்டியபோது, மாலை மணி ஐந்து.