தையல்காரி எடுத்து வைத்த கிண்ணம்

பிள்ளையில்லாத தையல்காரிக்குப் பட்டன் என்ற ஆண் பூனைதான் எல்லாமே. அதற்கு அவள் கொடுத்த செல்லம் கணவருக்கு ஆகவே ஆகாது.

ஒருநாள் பட்டன், தைத்து முடித்த கல்யாணக் கவுனின் மேல் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டது. அடுத்தடுத்து வேறு துணிகளும் நாறின. குடிப்பதைக் குறைத்தால் இதுவும் குறையும் என்று நினைத்து, அவள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். உலர்தீனி மட்டும் போட்டாள்.

துணிகள் நனைவது நின்றது. அவளுக்கு நிம்மதி. ஆனால் பட்டன் தான் ஒதுங்கும் மணல்தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிக் கத்தியது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டினாள். அது வாந்தியெடுத்துச் சுருண்ட பிறகுதான் கணவரோடு மருத்துவமனைக்கு ஓடினாள்.

துணிகள் நனைந்ததையும் பட்டன் கத்தியதையும் அவள் சொல்லக் கேட்டபடியே மருத்துவர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "கல்லு அடைச்சு ஒண்ணுக்குப் போக முடியாமக் கத்தியிருக்கான். சொட்டுச் சொட்டாப் போனப்பவே கொண்டுவந்திருக்கணும். தண்ணி நல்லாக் குடிப்பானா?"

அவள் வாய் திறக்குமுன் கணவர் சிரித்தார். "எங்க குடிக்கிறது? இவதான் கிண்ணத்தையே ஒளிச்சு வெச்சுட்டாளே!"

"தண்ணி குறைஞ்சா கல்லு சேரும்மா," என்று மட்டும் சொன்னார் மருத்துவர். குழாய் செருகி அடைப்பை நீக்கினார். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது. பட்டன் மேசைமேலேயே செத்தது.

துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டீங்களேக்கா," என்றாள்.

"ஆமா, தண்ணி காட்டாமப் பாத்துக்கிட்டா," என்றார் கணவர்.

துணி கொடுக்க வருபவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். அவள் தையல் எந்திரத்தை வேகமாக மிதிப்பாள். அந்தச் சத்தத்துக்கு மேலே அவர் குரலை உயர்த்துவார்.