உல்கான் தொடாத எண்ணெய்

கிர்கிஸ் மலைநாட்டில் நாரின் என்ற ஊரின் கோடியில் உல்கான் வீட்டுக் கூரையில் புகை தெரிந்ததென்றால் அதற்குக் காரணம் புருலும் அவளோடு சேர்ந்த பெண்களும்தான். வீடு வீடாகக் கேட்டு நிலக்கரி, மாவு, எண்ணெய் சேர்த்து, இல்லாதவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் இல்லையென்றால், பால் பண்ணையில் உழைத்தே முதுகு வளைந்த அந்த விதவை என்றைக்கோ குளிரில் விறைத்துப்போயிருப்பாள்.

ஆனால் எண்ணெயை மட்டும் அவள் தொட மாட்டாள். வியாழக்கிழமை எல்லா வீட்டிலும் மாவுத்துண்டு பொரிப்பார்கள். அந்த எண்ணெய் வாசம் பிடித்து, அந்தந்த வீட்டில் செத்தவர்கள் வாசலுக்கு வந்து பசியாறிப் போவார்கள். மகன் எல்தோஸ் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், வசந்தத்திலிருந்து பேச்சுமூச்சில்லை. செத்த புருஷனுக்கென்று பொரிக்கப் போய், கூடவே அவனும் வந்து நின்றுவிட்டால்? பெற்ற மனம் துணியவில்லை.

"பெரியப்பா பசியோட அலையறாரு. உனக்கென்ன கல்நெஞ்சா, பெரியம்மா?" என்பாள் புருல்.

"உசுரோட இருந்தப்ப தின்னது போதும் அந்த மனுஷனுக்கு. போடி, உன் வேலையப் பாரு."

பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை, காய்ச்சலில் கிடந்த உல்கான் சுர்ரென்ற சத்தம் கேட்டு விழித்தாள். அடுப்படியில் புருல்.

"என்னடி பண்ற?"

"உனக்குத்தான் முடியலையே. பெரியப்பா பேர்ல நாலு பொரிச்சுப் போடறேன்."

"இறக்குடி! இறக்கு சட்டிய!"

நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? ஆனால் வாசம் அதற்குள் வெளியே போய்விட்டது.

முற்றத்தில் நாய் எழுந்தது. செத்த புருஷனிடம் உதைபட்டே வளர்ந்த நாய் அது. அவன் தலை தெரிந்தாலே கொட்டகைக்குள் ஓடிவிடும். எல்தோஸிடம் மட்டும்தான் வாலாட்டும். இப்போது ஜன்னலுக்கு அப்பால் அது வாலைச் சுழற்றிக்கொண்டு, பின்னங்கால்களில் எழும்பி நின்றது. முன்னங்கால்கள் எதன்மேலோ ஊன்றியதுபோல் காற்றில் அப்படியே நின்றன. கீழே பனியில் அதன் தடத்தைத் தவிர வேறு தடமில்லை.

புருல் சட்டியை இறக்கி வைத்தாள்.

உல்கான் வெகுநேரம் ஜன்னலையே பார்த்தாள். அழவில்லை. போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"கதவைத் திறந்து விடுடி," என்றாள். "இன்னும் கொஞ்சம் மாவு பிசை. நாலெல்லாம் அவனுக்குப் பத்தாது."