மிச்சம் பூஜ்யம்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அங்கே நீளமான கம்பிகளை ஆர்டருக்குத் தக்கபடி வெட்டுவார்கள். வெட்டிய பிறகு எவ்வளவு துண்டு மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லும் புரோகிராமை எழுதுவது என் வேலை. மெட்ராசில் எல்லோரும் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக்கொண்டிருந்தபோது, பயிற்சியில் எனக்கு வாய்த்தது அல்கால் என்ற வேறு மொழி. நான் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஒன்று இருந்தது. பாதிப் பக்கங்கள் காணாமல்போன சைக்ளோஸ்டைல் கையேடு ஒன்றும் இருந்தது. சந்தேகம் கேட்க ஆள் கிடையாது.

நான் தாளில் எழுதுவதை அட்டைகளில் துளையிட்டுத் தந்தவர், பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண். அட்டைகள் ரயிலில் மெட்ராசிலிருந்த கம்ப்யூட்டருக்குப் போய், மூன்று நாள் கழித்து அச்சுத்தாளோடு திரும்பும். முதல் தாளில் எல்லாக் கம்பிக்கும் மிச்சம் பூஜ்யம். பிழை என்று ஒரு வரிகூட இல்லை.

ஃபோர்மேன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். “மிச்சமே இல்லன்னா அங்க குமிஞ்சி கெடக்கறது இன்னா சார்?”

நான் எழுதியதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்தப் பெண் மேல்தான் சந்தேகம் வந்தது. வேலை அதிகம் என்று முந்தின வாரம்தான் மேனேஜரோடு சண்டை போட்டிருந்தார். வேண்டுமென்றே துளையை மாற்றிப் போட்டிருப்பார் என்று முடிவு கட்டினேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில் அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துத் தாளோடு ஒப்பிட்டேன். பாதியில் அவர் வந்து நின்றுவிட்டார்.

“நான் மாத்திட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா சார்?”

“இல்லம்மா, சும்மா பாத்தேன்.”

“சும்மாவா? என்கிட்ட கேட்டிருக்கலாமே.” மீதி அட்டைகளை அவரே எடுத்து வரிசையாகப் படித்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு துளைகூட மாறவில்லை. எனக்கு முகம் சுட்டது.

அவர் இரண்டு அட்டைகளை மட்டும் தனியே வைத்தார். ஒன்றில் கம்பியின் பழைய நீளம், மற்றதில் வெட்டும் நீளம். இரண்டுக்கும் நான் வைத்த பெயர்களில், ஆங்கிலத்தில் முதல் ஆறு எழுத்து ஒன்றேதான்.

“இந்த ரெண்டையும் அடிக்கறப்போ எனக்கே பேஜாரா பூடும் சார். மிஷினும் கொழம்பியிருக்குமோ?”

நம்பாமல்தான் ஒரு பெயரை மாற்றி எழுதிக் கொடுத்தேன். மூன்று நாளில் சரியான எண்கள் வந்தன. கம்பைலர் ஆறு எழுத்தோடு நின்றுவிட்டு, இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து அதையே கழித்திருக்கிறது. கையேட்டில் இருந்த பக்கங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்றார். ஆனால் அன்றிலிருந்து, நான் எழுதிய தாள் ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து வாங்காமல் மிஷின்முன் உட்காரமாட்டார். துளையிட்ட அட்டைகளை என் கண்ணெதிரே எண்ணிக் கட்டுவார். நான் அந்த வேலையை விடும்வரை அப்படித்தான் நடந்தது.