தொண்ணூற்று மூன்றில் வலது கார்னர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். குன்றத்தூரில் என் வீட்டு காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் எங்கள் கம்பெனி ஏழுமலை நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி கஸ்தூரி. கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி.

என்னைப் போல பர்சனல் டிபார்ட்மென்டில் இருக்கிறவன் வீட்டுக்கு, லீவு நாளில், ஒரு தொழிலாளி மனைவியோடு பழம் வாங்கிக்கொண்டு வந்தால் அது நல்ல சேதியாக இருக்குமா? ஒரகடம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். ஏழுமலைக்கு வலது முட்டி வேறு சரியில்லை.

"வாங்க ஏழுமலை. வாங்கம்மா, உட்காருங்க."

இரண்டு பேரும் உட்காரவில்லை. ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சார், இன்னும் ரெண்டு வருசத்துல, தொண்ணூத்தி மூணுல எனக்கு வேல இல்லையாமே? இன்னா சார் தப்பு பண்ணேன் நானு?"

"யார் சொன்னது?"

"போர்டுல போட்டுகீறாங்க சார். ரோஸ்டர்ல. பன்னெண்டு பேரு பேரு கீது. எல்லாம் நம்ம கபடி டீம் ஆளுங்கதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வந்தவங்கள ஒவ்வொருத்தரா கழிக்கப் போறாங்களாம். என் பேருக்கு நேரா ஆர்.சி.ன்னு போட்டு, தொண்ணூத்தி மூணுல கோடு இழுத்து வுட்டுகீது. ஆர்.சி.ன்னா ரிட்ரெஞ்ச்மென்ட் கேஸாம்… ஆள் குறைக்கிறதாம். படிச்ச பசங்க சொன்னாங்கோ."

கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ரெண்டு புள்ளைங்க சார். பெரியவ எட்டாவது போறா. நெலத்தையும் வித்துட்டோம். இந்த வேலைய வுட்டா எங்களுக்கு வேற இன்னா சார் கீது?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவர்களுக்கு முன்னால் நான்தான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்தக் கோட்டை இழுத்த மகானுபாவன் நானே.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எழுத்து எனக்கு லீவு நாள் உத்தியோகம்தான். பிழைப்பு, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு பார்ட்ஸ் கம்பெனியில். அங்கே ஒரு கபடி டீம் உண்டு. சும்மா பேருக்கு இல்லை; எங்கள் டீம் வருகிறது என்றாலே மற்ற கம்பெனிக்காரர்கள் முகம் கோணும். வருஷத்துக்கு ஒரு ஆளை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எடுப்போம். ஒரே ஒரு ஆள். பகலில் லைனில் வேலை, சாயங்காலம் கிரவுண்டில் பிராக்டிஸ்.

ஏழுமலை அப்படி வந்தவர்தான். டீம் கேப்டன். வலது கார்னர் — அதாவது, எதிராளி பாடிக்கொண்டு உள்ளே வரும்போது வலது ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடித்துக் கவிழ்க்கிறவர். காலை வாருவது ஆபீஸில் நாங்களும் செய்வதுதான். ஆனால் ஏழுமலை முகத்துக்கு நேராகச் செய்வார். பத்து வருஷமாக அந்த ஓரத்தில் வேறு ஆள் நின்றதில்லை.

இந்தக் கதைக்குள் ஒரு அமெரிக்கர் வருகிறார். எங்கள் புது மெஷினைப் பொருத்திக் கொடுக்க வந்த இன்ஜினியர். பெயர் டென்னிஸ். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள் — அவருக்கு டென்னிஸில் ஆர்வமே இல்லை. உயிரெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால். அது என்ன ஃபுட்பால் என்று கேட்டேன். முட்டை மாதிரி ஒரு பந்து. அதைப் பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அப்புறம் எதற்கு 'ஃபுட்'?

ஒருநாள் கேன்டீனில் மனிதர் தயிர் சாதத்தை ஸ்பூனால் கிளறியபடி சோகமாக இருந்தார். அவருக்கு முன்னால், ஊரிலிருந்து மனைவி தபாலில் அனுப்பிய பேப்பர் கட்டிங்.

"வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லை. எங்கள் டீம் டிராஃப்ட்டில் ஒரு காரியம் செய்துவிட்டது" என்றார்.

எனக்கு டிராஃப்ட் என்றால் இரண்டுதான் தெரியும். ஒன்று பாங்கில் எடுப்பது. இன்னொன்று, ஜி.எம். அடித்துத் திருத்தித் திருப்பி அனுப்புவது. இது மூன்றாவது ரகம். வருஷா வருஷம் காலேஜ் பையன்களில் நன்றாக ஆடுகிறவர்களை எல்லா டீம்களும் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கின்றன. போன வருஷம் கடைசியில் வந்த டீமுக்கு முதல் சான்ஸ். ஜெயித்த டீமுக்குக் கடைசி சான்ஸ். கேட்கவே நன்றாக இருக்கிறதல்லவா?

டென்னிஸின் டீமில் பந்தை எறிவதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறாராம். பிரமாதமாக எறிவாராம். அப்படியிருந்தும் இந்த வருஷம் கிடைத்த முதல் சான்ஸில் இன்னொரு எறிகிற பையனையே எடுத்துவிட்டார்கள். ஏன்?

"இப்போது இருப்பவருக்கு முப்பத்தைந்து வயசு. இரண்டு வருஷத்தில் அந்த இடம் காலியாகும். காலியான அன்றைக்குத் தேடினால் ஆள் கிடைக்காது. ரோஸ்டரை இன்றைக்குப் பார்க்கக் கூடாது, இரண்டு வருஷம் தள்ளிப் பார்க்க வேண்டும்" என்றார். நியாயத்தை அவரே சொல்லிவிட்டு, கட்டிங்கில் இருந்த அந்தப் பழைய ஆட்டக்காரரின் படத்தை மட்டும் கிழியாமல் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

நான் அசந்துபோனேன். நாம் எப்படி டீம் பிரிப்போம்? உத்தி பிரிப்போம். இரண்டு இரண்டு பேராகத் தோளில் கை போட்டுத் தள்ளிப்போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, "மல்லி வேணுமா, முல்லை வேணுமா?" என்று கேட்போம். கேப்டன் மல்லி என்பான். மல்லி யாரோ, அவன் தலையெழுத்து! ஆனால் ஒன்று — உத்தியில் 'உன்னை வேண்டாம்' என்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பெரிய விஷயம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அமெரிக்க மூளை என் தலைக்குள் ஏறிவிட்டது. சீட்டுக்குப் போனதும் ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்தேன். டீமில் உள்ள பன்னிரண்டு பேரையும் எழுதினேன். பெயருக்குப் பக்கத்தில், ஆடும் இடத்துக்கு இரண்டு இரண்டு எழுத்து. ரைட் கார்னருக்கு ஆர்.சி. அதற்குப் பக்கத்தில் 91, 92, 93 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று கட்டம். யார் எந்த வருஷம் வரைக்கும் தாங்குவார்கள்? டிக், டிக், டிக் என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஏழுமலைக்கு முப்பத்துநாலு வயசு. முட்டி வீங்குகிறது. பஸ்ஸில் காலை நீட்ட முடியாமல் ஓர சீட்டாகப் பார்த்து உட்காருகிறார். 93 கட்டத்தில் ஒரு கோடு. மேலே தலைப்பு: 'ஃப்யூச்சர் ரோஸ்டர்'. வெள்ளிக்கிழமை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு, ஏதோ சாதித்த மாதிரி வீட்டுக்குக் கிளம்பினேன்.

இங்கேதான் வினை. எங்கள் கம்பெனியில் ரோஸ்டர் என்றால் ஒன்றே ஒன்றுதான் — யார் ஃபர்ஸ்ட் ஷிப்ட், யார் செகண்ட், யார் நைட் என்று வருமே, அந்த ஷிப்ட் ரோஸ்டர். டைப் ஆனதும் அது டைம் ஆபீஸ் பக்கத்து போர்டில் ஏற வேண்டும். எங்கள் டைப்பிஸ்ட் அம்மா வேலையில் கெட்டிக்காரர். அடித்தார், சரிபார்த்தார், நாலு மூலையிலும் பின் குத்தி போர்டில் போட்டுவிட்டார். செகண்ட் ஷிப்ட் பஸ் வந்து நின்றபோது கூட்டம் போர்டு முன்னால் நின்றதாம். தாளில் எங்கேயாவது கபடி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தேனா? இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. "ஐயையோ ஏழுமலை, அது வேலை ரோஸ்டரே இல்லைங்க. கபடி ரோஸ்டர்! ஆர்.சி.ன்னா ரைட் கார்னர். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ரிட்டயர் ஆகிற வரைக்கும் உங்களை யாரும் அசைக்க முடியாது. நான் சொல்றேன்."

கஸ்தூரிக்கு உயிர் வந்தது. "மாரியாத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்போதுதான் சோபாவில் உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த காபியையும் வாங்கிக்கொண்டார்.

ஏழுமலை காபியைத் தொடவில்லை.

"அப்போ… தொண்ணூத்தி மூணுல கார்னர்ல நான் இல்ல?"

வேலை போய்விட்டது என்று நினைத்து வந்தபோதுகூட அந்த முகம் அப்படி இல்லை. பொய்யான சேதியைத் திருத்துகிறேன் என்று நிஜமான சேதியைச் சொல்லிவிட்டேன்.

"முட்டி… டாக்டர் சொன்னாரே…" என்று இழுத்தேன்.

"தெரியும் சார்."

"போவுது வுடுய்யா. வேல கீதே, அது போதும்" என்றார் கஸ்தூரி. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏழுமலை சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் கை அந்த முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தது.

புறப்படும்போது வாசலில் நின்று கேட்டார். "புது ஆளு செலக்ஷன் வியாழக்கிழமதானே சார்? நான் எறங்கிப் பாக்கறேன்."

அவர்கள் போனதும் என் மனைவி சாத்துக்குடிப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க எழுதறதை இவ்வளவு கவனமா படிக்கிறவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

வியாழக்கிழமை சாயங்காலம். கிரவுண்டில் ஜி.எம்.முக்கு நாற்காலி. கடைசி ரவுண்டில் இரண்டே பேர். ஒருவன் பாபு — பாடிப் போகிறவன், ரைடர். மூன்று பேரைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கோட்டுக்குத் திரும்புகிறான். ஜி.எம். எழுந்து நின்று கை தட்டினார். இந்த வருஷம் கப் கையில் வந்துவிட்ட மாதிரிதான். இன்னொருவன் வல்லம் வடகாலிலிருந்து வந்த அந்தோணி. ஒல்லி. பேச்சே இல்லை. வலது கார்னர்.

அந்தோணியைச் சோதிக்க யார் பாடிப் போவது என்று பார்த்தால், ஏழுமலை முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்!

முதல் தடவை அந்தோணி அவருடைய இடது காலுக்குப் போனான். ஏழுமலை உதறிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். வந்த வேகத்தில் அவனைப் பார்த்துக் கத்தினார். "இன்னாடா, பட்டையப் பாத்து பாவம் பாக்கறியா? நான் வலது கால உள்ள வெச்சேன். ஏன் வுட்ட?"

"வலிக்கும்ணா…"

"கோட்டுக்கு உள்ள வந்தா அது உன் காலுடா. புடி!"

இரண்டாவது தடவை. "கபடி கபடி கபடி…" என்று ஏழுமலை போகிறார். வலது காலை நீட்டுகிறார். அடுத்த நொடி தரையில் கிடக்கிறார். அந்தோணி கணுக்காலை மட்டும் பிடித்திருந்தான். அங்கேயே பூட்டுப் போட்ட மாதிரி. முட்டியைத் திருகவில்லை, மேலே ஏறி விழவில்லை. ஏழுமலை எம்பினார், இழுத்தார், பாட்டு நின்றது. நின்ற உடனே அவன் கையை எடுத்துவிட்டான்.

ஏழுமலை கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. மண்ணில் மல்லாந்து கிடந்தார். நான் பயந்துபோய் ஓடினேன். வலி இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பிறகு எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு ஜி.எம். முன்னால் வந்து நின்றார்.

"சார், இந்த வருசம் கப்பு வேணும்னா பாபுவ எடுங்க. நல்லா ஆடறான். ஆனா பாட்டு போறதுக்கு நம்மாண்ட மூணு பேரு கீறாங்க. வலது கார்னருக்கு ஆளு இல்ல."

"என்னப்பா இது, அதுக்குத்தான் நீ இருக்கியே?" என்றார் ஜி.எம்.

"நான் எங்க சார் கீறேன்? இப்போ பாத்தீங்க இல்ல… அந்தோணிய எடுத்துக்குங்க. அடுத்த வருசம் ஃபுல்லா நானும் அவனும் மாத்தி மாத்தி நிப்போம். அப்பால அவன் பாத்துக்குவான்."

ஜி.எம். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்தோணி பெயரை எழுதினோம்.

பாபு பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. பின்னாலேயே போய், அடுத்த வருஷம் கட்டாயம் அப்ளிகேஷன் போடு என்று சொன்னேன். வாயால்தான் சொன்னேன். எழுதி டைப் அடிக்கக் கொடுக்கவில்லை.

நேற்று டென்னிஸ் ஊருக்குக் கிளம்பினார். கார் ஏறும் முன் ஞாபகமாகக் கேட்டார்.

"உங்கள் டிராஃப்ட் என்ன ஆயிற்று?"

"கார்னரைத்தான் எடுத்தோம்."

"சபாஷ். யார் முடிவு?"

"இப்போது அந்த இடத்தில் ஆடுகிறவரே சொன்னார்" என்றேன், சற்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

டென்னிஸ் என்னையே பார்த்தார். "எங்கள் ஊரில் அந்த ஆளை யாரும் கேட்க மாட்டார்கள். டி.வி.யைப் பார்த்துத்தான் அவனே தெரிந்துகொள்வான். நீங்கள் அவரைக் கேட்டீர்களே… பெரிய விஷயம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நானும் கூசாமல் கையைக் கொடுத்தேன். கார் கேட்டைத் தாண்டியபிறகுதான் உறைத்தது.

நான் எங்கே கேட்டேன்? அவரல்லவா வீடு தேடி வந்து கேட்டார்!