குமராட்சி டிராக்டருக்கு வந்த ஹண்டிங்

சிதம்பரத்தில் முப்பது வருஷம் டிராக்டர் பட்டறை நடத்தியவன் நான். எஞ்சினில் கவர்னர் வேலை என்றால் இவர்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

குமராட்சிக்காரர் ஒருவரின் பழங்கால டிராக்டரை ஆறு மாதம் உட்கார்ந்து புதுப்பித்தேன். பெண் அழைப்பன்று மண்டபத்துக்கு அதைத் தானே ஓட்டிப் போக வேண்டும் என்று அவர் மகள் தேன்மொழிக்கு ஒரே பிடிவாதம். வியாழக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் பூஜை போட்டு, ஒரு சுற்று ஓட்டிக் காட்டி ஒப்படைத்தேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே போன்.

"மாமா, வண்டி உறுமுது, அப்புறம் படுத்துக்குது, மறுபடி உறுமுது. சாயங்காலம் ஊர்வலம். கார் சொல்லிடறேன்னு அப்பா நிக்கறாரு."

எஞ்சின் வேகம் நிலையாக நிற்காமல் ஏறி இறங்குவதை ஹண்டிங் என்போம். வேகம் கூடினால் டீசலைக் குறைத்து, குறைந்தால் கூட்டிவிடுவது கவர்னரின் வேலை. போனதும் டீசலைத் திட்டினேன். ஃபில்டரை மாற்றினேன். டீசல் குழாயில் காற்று அடைத்திருக்குமோ என்று ஏர் லாக் எடுத்தேன். கடைசியில் அந்தப் பெண்ணையே பிடித்துக்கொண்டேன்.

"நீ ஆக்சிலேட்டர புடிக்கிற புடி சரியில்லம்மா."

மதியம் இரண்டு மணி. டீசல் பம்பைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிட்டேன். கழற்றியிருந்தால் அன்றைக்குள் திரும்பப் பூட்டியிருக்க முடியாது.

கன்னத்தில் நலங்கு மஞ்சளோடு தேன்மொழி குனிந்து பார்த்தாள். "இந்த ராடு ஏன் மாமா சிக்கிச் சிக்கி நவுருது? மூட்டுல என்னமோ காஞ்சி கெடக்கு."

கவர்னரிலிருந்து பம்புக்குப் போகிற ராடு அது. மூட்டில் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"யாரு மாமா இங்க போயி பொட்டு வெச்சது?"

யார் வைப்பார்கள்? பூஜையன்று பானட்டுக்கு ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒரு பொட்டு, என் செல்லக் கவர்னரின் மூட்டுக்கு மட்டும் குழைத்து அப்பியிருந்தேன். எஞ்சின் சூட்டில் அது சிமெண்டாகிவிட்டது. அவள் ஈரத்துணியால் துடைத்தாள், நான் இரண்டு சொட்டு ஆயில் விட்டேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் சந்தோஷம்தான்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டி மக்கர் பண்ணினால், கடைசியாக அதில் கை வைத்தவன் யார் என்று முதலில் கேளுங்கள். அது நீங்களாக இருந்தால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்.

சாயங்காலம் மாலை போட்ட டிராக்டரைத் தேன்மொழியே ஓட்டி வந்து மண்டபத்து வாசலில் நிறுத்தினாள். அங்கே என்னிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். நான் விரலை விட்டதுதான் தாமதம், ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள் கல்யாணப் பெண்.

"மாமா, கழுத்தோட நிறுத்திக்குங்க! முட்டியில பூசிடாதீங்க, நடக்க வராது!"