ஓர் அடி பின்னால்

இந்திய அணியின் சட்டை போட்டு நான் முதன்முதலாக உயரம் தாண்டியது வளைகுடா நாட்டு நகரம் ஒன்றில். அப்போது எனக்கு இருபது வயது. வள்ளியூர் ரயிலடியில் அப்பாவும் அம்மாவும் ஜெபம் பண்ணி அனுப்பியிருந்தார்கள்.

போட்டிக்கு முந்தின நாள், பயிற்சி முடிந்து மைதானத்து ஓரமாக நின்று அம்மாவிடம் போனில் பேசினேன். நாங்கள் தாண்டி விழும் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எந்த ஊரு தாயி?"

"வள்ளியூரு அண்ணாச்சி."

"நமக்குத் திசையன்விளை. பதினோரு வருசமா இங்கனதான் கெடக்கேன்." கம்பு விழுந்தால் எடுத்து வைப்பதும் அவர் வேலைதானாம். "நாளைக்கு எனக்கு வேல வச்சிராத" என்று சிரித்தார்.

மறுநாள் வைத்தேன். ஊரில் சாதாரணமாகத் தாண்டுகிற உயரம்தான். முதல் முறை இடுப்பு பட்டுக் கம்பு விழுந்தது. இரண்டாம் முறை தோள். அவர் என் முகத்தைப் பார்க்காமலே எடுத்து வைத்தார். மூன்றாவதும் விழுந்தால் எந்த உயரமும் தாண்டாதவளாக ஊர் திரும்ப வேண்டும். உட்கார்ந்து யோசித்தேன். அந்த மைதானத்து ஓடுதளத்தில் வேகம் கூடிவிடுகிறது. கம்புக்கு ரொம்பக் கிட்டத்தில் போய்க் காலூன்றுகிறேன். ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருந்த டேப்பை உரித்து, ஓர் அடி பின்னால் ஒட்டினேன்.

ஓடித் தாண்டி, மெத்தையில் கிடந்தபடி மேலே பார்த்தேன். கம்பு லேசாக ஆடிவிட்டு நின்றது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி அவர் நின்றார்.

அடுத்த உயரமும் ஆயிற்று. அதற்கு மேல் முடியவில்லை.

சாயங்காலம் டீ கொண்டுவந்து கொடுத்து, "எத்தனாவது வந்த?" என்று கேட்டார்.

"ஒம்பதாவது."

"எத்தன பேரு தாண்டுனாவ?"

"பதினொண்ணு."

"அப்ப ரெண்டு பேரு ஒனக்குப் பொறத்தாலதான வந்துருக்காவ!"

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தேன்.

அதன் பிறகு எட்டு வருடம் நாட்டுக்காகத் தாண்டினேன். ஒரு முறை வெண்கலமும் கிடைத்தது. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபின் பழைய உயரம் வரவில்லை. போன வருடம் ஒரு காலையில் பாளையங்கோட்டை மைதானத்தில் மூன்று முறை ஓடிப் பார்த்துவிட்டு, போதும் என்று ஷூவைக் கழற்றினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. எதிர்க் கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்திருந்த அலுவலகத்துக்கு நேரே போனேன்.