பார்க்காமல் எழுதிய பால்நிலா

குரோம்பேட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றில், மைக்கைப் பிடித்தபடி, உவமை என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்ட கதை இது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆபீசில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் வாழ்த்துக் கவிதை ஒன்றை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ரிசப்ஷன் மேடையில் வாசித்துக் கொடுப்போம்.

எழுதுவது நான். (வேலை கிளார்க். கவிஞர் பட்டம் நானே கொடுத்துக்கொண்டது.)

கவிதை எப்போதும் தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றுவேன்.

அதில் எல்லா அணியும் உண்டு. 'பால்நிலா போன்ற முகத்தாள்', இது உவமை. 'நீயே எங்கள் நண்பனின் குலவிளக்கு', இது உருவகம். 'உன்னைக் காணவே ரயிலும் இங்கே நின்றது', இது தற்குறிப்பேற்றம். அதாவது, தானாக நடப்பதற்கு நாமே ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வது.

மாப்பிள்ளை சேகர் என் பக்கத்து சீட்டுக்காரன். மணப்பெண் கலா, தாம்பரத்தில் டெலிபோன் ஆபரேட்டர். மைக்கைப் பிடித்த பிறகுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன்.

நல்ல கறுப்பு.

அந்த வரியைத் தாண்டிப் போகவும் வழியில்லை. அச்சடித்த நகல் எல்லோர் கையிலும் இருந்தது.

'பால்நிலா' என்றதும் முன்வரிசையில் ஒருவர், "இன்னாப்பா, இன்னைக்கு அமாவாசையாச்சே" என்றார். மண்டபமே சிரித்தது.

ரயில் வரி வந்ததும், "அது டெய்லி நிக்கிற ஸ்டேஷன்தாம்பா" என்றது இன்னொரு குரல். மறுபடியும் சிரிப்பு.

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். கலா குனியவில்லை. சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. சட்டத்தை நீட்டி, "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"கவிதை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது நான் இல்லியே. என்னைப் பார்க்காமயே எழுதிட்டீங்க, இல்ல?"

"ஆமாம்மா."

"இப்பப் பார்த்துட்டீங்கல்ல? எழுதுங்க."

சேகரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளே என்னிடம் கொடுத்தாள்.

மேடை ஓரமாக நின்று ஒரு நகலின் பின்பக்கத்தைத் திருப்பினேன். தாமரை, குயில், மயில் என்று வழக்கமான ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டு, கண்ணால் பார்த்ததை எழுதினேன்.

'மண்டபம் சிரித்தது.
மாப்பிள்ளை குனிந்தான்.
கலா நிமிர்ந்தே இருந்தாள்.'

(மண்டபம் சிரித்தால் அது ஆகுபெயர் என்று தமிழாசிரியர்கள் கமெண்டில் வர வேண்டாம். தெரியும்.)

கலா படித்துப் பார்த்தாள்.

"இதுல உவமை ஒண்ணும் இல்லையே சார்."

"வேணுமாம்மா?"

"வேணாம். இத மைக்ல படிங்க."

சேகர் பதறிப்போய், "மச்சான், எதுக்குடா வம்பு?" என்றான்.

கலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரி முடிந்தபோது, சேகர் மெதுவாகத் தலையை நிமிர்த்தி அவள் பக்கத்தில் நின்றான்.